பம்பாய் மைதானங்களும் சிறுவர் கிரிக்கெட்டும்

பம்பாய் கிரிக்கெட் சங்கம் 1930-ஆம் ஆண்டில்தான் ஸ்தாபிதமாயிற்று. ஆனால் அந்நகரத்துப் பிள்ளைகள் மட்டையும் பந்தும் ஏந்தத் தொடங்கியதோ அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே. அவர்களுக்கு அந்த வித்தை வசப்பட்டது சர்க்காரின் தயவாலும் அன்று. அக்கம்பக்கத்து நண்பர்கள் கூடிச் சந்தா வசூலித்து நடத்திய கிளப்புகளாலேயே.

ஆங்கிலேயர் ஆடுவதைக் கண்டு ஆசைகொண்ட பார்ஸி இளைஞர்கள் 1848-ல் ஓரியண்டல் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லையாயினும், இரண்டே ஆண்டுகளில் ஜொராஸ்டிரியர் பெயரால் மற்றொன்று எழுந்தது. எஸ்பிளனேட் மைதானத்தில் வெள்ளைக்காரத் துரைமார் போலோ ஆட, அவர்களுடைய குதிரைகளின் குளம்புகள் பிட்சைக் குதறிப் போட்டபோது, சுதேசி ஆட்டக்காரர்கள் சர்க்காருக்கு விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் அனுப்பிப் போராடிய வரலாற்றை, ஷாபூர்ஜி ஸொராப்ஜி என்பவர் 1897-ல் ஒரு நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். பின்னர் பார்ஸிகள், முஸ்லிம்கள், ஹிந்துக்கள் ஆகியோருக்குக் கடற்கரையோரம் தனித்தனி ஜிம்கானாக்கள் அமைந்தன. ஆடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று வாதாடும் பொறுப்பு, இவ்வாறு, ஆதிமுதலே கிளப்பைச் சார்ந்ததாயிற்று.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஹாரிஸ் கேடயம், அதனினும் இளையோருக்கு கைல்ஸ் கேடயம் எனப் போட்டிகள் ஏற்பட்ட பின்னரும் கிளப்பின் அவசியம் குறையவில்லை. பள்ளியில் ஒரு சிறுவன் தன் வயதொத்தவரோடு மட்டுமே மோதுகிறான். கிளப்பிலோ, தலை நரைத்த பந்துவீச்சாளரின் சூழ்ச்சிகளுக்கு மறுமொழி கண்டுபிடிக்க வேண்டியவனாகிறான். 1948-ல் டாக்டர் ஹோர்மஸ்ஜி காங்காவின் பெயரால் தொடங்கப்பெற்ற காங்கா லீக் இவ்வகையில் விசேஷமானது. வேறெங்கும் ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்கும் மழைக்காலத்தில், ஈரம் உலராத பிட்சில், பந்து உருண்டோட இடங்கொடாத உயர்ந்த புல்லின் நடுவே அப்பந்தயங்கள் நடைபெற்றன. பந்து எந்தக் கணத்தில் எம்பும், எந்தக் கணத்தில் அடங்கும் என்று சொல்ல இயலாத அவ்விடத்தில், கடைசி வரையில் பந்தைக் கண்ணால் தொடரும் பழக்கம் இளைஞர்களுக்குத் தானே படிந்தது. சச்சின் டெண்டுல்கர் ஜான் பிரைட் கிளப்புக்காக இந்த லீக்கில் இறங்கியபோது அவருக்கு வயது பதினொன்று.

கிளப்புக்குக் கிளப்பு ஒரு சம்பிரதாயமும் உண்டு. மாட்டுங்காவின் தாதர் யூனியனில் மாதவ் மந்திரி, வாஸு பராஞ்ஜபே போன்ற மூத்தோர் தலைமை வகித்தார்கள். மந்திரியின் சகோதரி மகனான சுனில் காவஸ்கரும், திலீப் வெங்ஸர்க்காரும் அதில் ஆடியவர்கள். அதன் எதிரணியாகப் பெயர்பெற்ற சிவாஜி பார்க் ஜிம்கானாவிலிருந்து அஜித் வாடேகர் வந்தார். இந்த ஊர்ப்போட்டி இளையவர்களுக்குத் தந்த ஊக்கம் எந்தக் கேடயமும் தந்திருக்க முடியாதது.

1988-ல் ஹாரிஸ் கேடயப் பந்தயத்தில் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் நின்று 664 ஓட்டங்கள் குவித்தபோது புகழ் சாரதாஸ்ரமப் பள்ளியைச் சேர்ந்தது, அது நியாயமே. ஆயினும் அவ்விருவரின் குரு ரமாகாந்த் ஆச்ரேகர், சிவாஜி பார்க்கில் காமத் மெமோரியல் கிளப்பையும் நடத்தி, ஒரே நாளில் ஒரு சிஷ்யனைப் பல ஆட்டங்களில் இறக்கிப் பழக்கியவர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

1958-59 முதல் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் ரஞ்சிக் கோப்பை பம்பாயை விட்டு அகலவில்லை. சங்கம் அட்டவணை வகுத்தது, நடுவரை அனுப்பியது, தேர்வாளரை நியமித்தது. அவை யாவும் இன்றியமையாதவைதாம். ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு யாரேனும் இருந்தாலன்றோ தேர்வுக்குழு? அந்த யாரேனும் என்போரை ஆண்டுதோறும் வளர்த்துக் கொடுத்தவை, பெயர்ப்பலகை மட்டுமே சொத்தாக உடைய அந்தக் கிளப்புகளே.