எதிராளி இல்லாத தேர்தல்: ரோஸ் பேர்டும் கலிபோர்னியாவின் ‘ஆம் – இல்லை’ வாக்குச்சீட்டும்

1986 நவம்பர் 4 அன்று கலிபோர்னியா வாக்காளர் கைக்கு வந்த சீட்டில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேரின் பெயர்கள் இருந்தன. கட்சிப் பெயர் கிடையாது. எதிர்த்து நிற்பவரும் கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்விதான்: இவர் பதவியில் தொடரலாமா? தலைமை நீதிபதி ரோஸ் எலிசபெத் பேர்டுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ‘இல்லை’ என்று குறித்தார்கள். குரூஸ் ரேனோசோ, ஜோசப் குரோடின் ஆகியோரும் அன்றே பதவி இழந்தார்கள். இந்த முறை வந்து அரை நூற்றாண்டு கடந்தும் அதுவரை அந்த உச்ச நீதிமன்றத்தில் எவரும் இப்படித் தோற்றதில்லை. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை அகற்ற நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர வேண்டிய நாட்டிலிருந்து பார்க்கும் நமக்கு இது விசித்திரமாகப் படலாம். அரசியலை நீதிமன்றத்திலிருந்து விலக்கி வைக்கவென்றே உருவான ஏற்பாடு இது என்பது அதைவிட விசித்திரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மாநிலங்கள் பல நீதிபதிகளை நேரடித் தேர்தலுக்கு விட்டன. 1832இல் மிசிசிப்பி தொடங்கிவைத்தது. கலிபோர்னியாவிலும் நீதிபதிகள் வேட்பாளர்களாக நின்று ஓட்டுக் கேட்டார்கள். 1934இல் வந்த அரசியலமைப்புத் திருத்தம் உச்ச நீதிமன்றத்துக்கும் அதற்கு அடுத்த மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கும் இதை மாற்றியது: ஆளுநர் நியமிப்பார், மூவர் குழு உறுதிசெய்யும், மக்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பார்கள். குற்றங்களை ஒடுக்குவதற்கென முன்வைக்கப்பட்ட நான்கு திருத்தங்களில் இதுவும் ஒன்று. அவற்றுக்காக முன்நின்றவர்களில் ஒருவர் அப்போது மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த ஏர்ல் வாரன். எனவே, குற்றவாளிகளிடம் நீதிமன்றம் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்ற கேள்வி பின்னாளில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதல்ல. முறையின் பிறப்பிலேயே இருந்தது.

நீண்ட காலம் ‘ஆம்’ என்பதே வழக்கமான பதில். நீதிபதிகளைப் பாதுகாத்தது சட்டம் அல்ல, வாக்காளரின் அக்கறையின்மை என்பதே என் வாசிப்பு. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டுக்கு வழிவிட்ட, மக்கள் வாக்கெடுப்பில் வென்றிருந்த திருத்தத்தை 1966இல் நீதிமன்றம் செல்லாதென்றபோது அந்த அக்கறையின்மை சற்றே கலைந்தது. நீதிபதிகளின் ஆதரவு விகிதம் இறங்கியது. பதவி மட்டும் தப்பியது.

பேர்டு 1977இல், நாற்பது வயதில், தலைமை நீதிபதியானார். அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் அவரே. அதற்குமுன் எந்த நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்ததில்லை. சான்டா கிளாரா மாவட்டத்தில், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடியவர். ஆளுநர் ஜெர்ரி பிரவுனின் அமைச்சரவையில் வேளாண்மைத் துறையைக் கவனித்தபோதே பகையைச் சம்பாதித்துவிட்டார். அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான் விவசாயத் தொழிலாளர் உறவுச் சட்டம் 1975இல் வந்தது. குட்டைக் கைப்பிடிக் களைக்கொட்டுக்குத் தடை வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டடி நீளம்கூட இல்லாத அந்தக் கருவியோடு கீரை வயலில் நாள் முழுக்க இடுப்பை மடித்துக் குனிந்தே நகர வேண்டும். நிமிர்ந்தால் வேலை நிற்பது மேற்பார்வையாளர் கண்ணில் பட்டுவிடும். பண்ணை முதலாளிகள் இதையெல்லாம் மறக்கவில்லை. மூவர் குழுவிலேயே பேர்டு 2–1 என்றுதான் தேறினார்.

1978 நவம்பரில் மக்கள் முன் வந்தபோது அவர் பெற்றது 51.7 விழுக்காடு. அன்று காலை லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: துப்பாக்கி ஏந்திக் குற்றம் செய்தவர்களுக்குக் கட்டாயச் சிறை என்ற சட்டத்தைப் பலவீனப்படுத்தும் தீர்ப்பைத் தேர்தல் முடியும்வரை நீதிமன்றம் வெளியிடாமல் வைத்திருக்கிறது. மறு ஆண்டு விசாரணை நடந்தது; யார்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. ஆனால் தீர்ப்பின் உள்ளடக்கத்தோடு அது வெளிவரும் தேதியையும் சேர்த்துப் படிக்க வாக்காளர் பழகிவிட்டார்.

மரண தண்டனை வழக்குகள் வரிசையாக வந்தன. அறுபதுக்கும் மேற்பட்டவற்றில் பேர்டு வாக்களித்தார். ஒன்றில்கூடத் தண்டனையை உறுதிசெய்யவில்லை. அவருக்கு இது கொள்கைப் பிடிவாதம் அல்ல, ஒவ்வொரு வழக்கிலும் சட்டப் பிழை இருந்தது என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். அவசரமாக எழுதப்பட்ட 1978ஆம் ஆண்டு மரண தண்டனைச் சட்டத்தைப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அத்தனை வழக்குகளிலும் ஒரே பக்கம் என்ற கணக்குக்கு முன்னால் சட்ட நுணுக்கம் எடுபடவில்லை. தொழில்முறை ஆலோசகர்களைப் பேர்டு விலக்கிவைத்ததும் உதவவில்லை. 1986இல் ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன் பேர்டு, ரேனோசோ, குரோடின் மூவரையும் எதிர்த்தார். காலியான இடங்களை நிரப்பியவரும் அவரே. தன் பழைய வழக்கறிஞர் அலுவலகக் கூட்டாளி மால்கம் லூகாஸைத் தலைமை நீதிபதியாக்கினார். மரண தண்டனை குறித்த 1983ஆம் ஆண்டின் முக்கியத் தீர்ப்பு 1987இல் கைவிடப்பட்டது. காப்பீட்டு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க வழிவிட்ட 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு 1988இல் போனது.

பதவி இழந்த மூவரைவிட, இழக்காத ஒருவரின் சாட்சியமே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைகள் என்ற பெயரில் வந்த திருத்தத்தை 1982 செப்டம்பரில் நீதிமன்றம் 4–3 எனச் செல்லும் என்றது. நால்வரில் ஒருவர் ஆட்டோ கௌஸ். இரண்டே மாதத்தில் அவர் பெயரும் சீட்டில் வரவிருந்தது. அந்தத் தேர்தலில் பிழைத்த அவர், 1985இல் தானாகவே விலகினார். சவரம் செய்யும்போது பின்னால் குளியல் தொட்டியில் முதலை கிடப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியுமா என்று அந்தத் தேர்தல் நெருக்கடியைப் பற்றி அவர் கேட்டதுண்டு. அந்த வழக்கில் தன் வாக்கை முதலை அசைத்ததா இல்லையா என்பது கடைசிவரை அவருக்கே நிச்சயமாகவில்லை.