மேற்கோட் கணக்கும் ஆய்வின் மதிப்பும்

ஓர் ஆய்வாளரின் பணியை எண்ணால் அளக்கும் வழக்கம் அண்மைக் காலத்தது. ஒரு கட்டுரையைப் பின்வந்த எக்கட்டுரைகள் எடுத்தாண்டன எனக் காட்டும் மேற்கோள் அட்டவணையை, 1955இல் அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு முன்மொழிந்தார். கருத்தின் வழித்தடத்தைக் காண்பதே அதன் முதல் நோக்கம். நாளடைவில் அதுவே அளவுகோலாயிற்று. 2005இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகச் சான் டியேகோ வளாகத்துப் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், வாழ்நாட் பணியை ஓரெண்ணில் அடக்கும் ‘எச் சுட்டெண்’ணை வகுத்தார்.

அதே வளாகத்தில் பணியாற்றிய நரம்பியலறிஞர், தமிழகத்தவரான வி. எஸ். இராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவராயிருந்தபோதே, 1972இல், அவரது கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கையிழந்தோர் இல்லாத கையில் உணரும் வலியைப் பின்னர் ஆராய்ந்தார். பெட்டியில் நிறுத்திய கண்ணாடியால், எஞ்சிய கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் தோன்றச் செய்தார். 1996இல் டயான் ரோஜர்ஸ் இராமச்சந்திரனுடன் அவர் எழுதிய கட்டுரை பலராலும் எடுத்தாளப்பட்டது. அம்முறையை ஏற்றோரும் அதன் பயனை ஐயுற்றோரும் அக்கட்டுரையைச் சுட்டினர். கணக்கில் இரண்டும் ஒன்றே. வலி தணிந்த நோயாளியோ எக்கணக்கிலும் சேரார்.

வலப்பனைத் தோட்டமொன்றில் வளர்ந்த எமக்கு இது புதிதன்று. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ போடும் வழக்கத்தை அறிவோம். தராசு கொழுந்தை நிறுக்கும். ஏறிய மலையை நிறுக்காது. மேற்கோட் கணக்கைச் சான்றாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ளல் தகாது. கட்டுரையைப் படித்தறிந்த பின்னரே அதன் மதிப்பை உரைத்தல் முறையாகும்.