மனவடுவின் வரலாறும் முடிவுறாத துக்கமும்

போர் மனித உள்ளத்தில் உண்டாக்கும் காயத்துக்கு ஒரு பெயர் கிடைத்த வரலாறு விசித்திரமானது. 1915 பெப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் சார்ள்ஸ் மையர்ஸ் எழுதிய கட்டுரையில் 'ஷெல் அதிர்ச்சி' என்ற சொல் இடம்பெற்றது. ஷெல் வெடிப்பின் அதிர்வு மூளையையும் நரம்புகளையும் நேரடியாகத் தாக்குகிறது என்று அப்போது பலர் கருதினர். ஆனால், ஷெல் விழுந்த இடத்துக்கு அண்மையில் இருந்திராத படையினரும் பேச்சிழந்தனர்; உறக்கம் இழந்தனர். 1917இல் பிரித்தானிய இராணுவம் அந்தப் பெயரையே தவிர்க்குமாறு பணித்தது. நோயாளியின் சீட்டில் 'நரம்பு சார்ந்தது, இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை' என்று எழுதினால் போதும் என்றாயிற்று. களத்தை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக அப்போரில் சுட்டுக்கொல்லப்பட்ட 306 படையினருக்கு, 2006இலேயே மன்னிப்பு வழங்கப்பட்டது.

அக்காலத்தில் இந்நோயாளரை அனுதாபத்தோடு அணுகியவர்களுள் ஒருவர் வைத்தியர் டபிள்யூ.எச்.ஆர். றிவேர்ஸ். ஸ்கொட்லாந்தின் கிறெய்க்லொக்காட் வைத்தியசாலையில் பணியாற்றிய அவர், கொடிய நினைவுகளை அடக்கி மறக்க முயல்வதே நோயை வளர்க்கிறது என்றார். இவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். நீலகிரியில் தோடர்களுடன் தங்கி ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவரும் இவரே. ஒரு மரணத்துக்குத் தோடர்கள் காலம் இடைவிட்டு இரண்டு ஈமச்சடங்குகள் செய்வதை அதில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். துக்கத்தை முடித்துவைக்க ஒரு சமூகம் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை அப்பக்கங்கள் காட்டுகின்றன.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் வற்புறுத்தலும் சேர்ந்தே, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனைத் தனி நோயாக ஏற்றது. நம் வைத்தியர்கள் அதனை 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்றனர். கவனிக்க வேண்டியது ஒன்று: களத்தை விட்டு வீடு திரும்பியவனை மனத்திற்கொண்டே இப்பெயர் பெரிதும் உருவானது. வீடே களமாகிப்போன மக்களுக்கு அது எவ்வளவு பொருந்தும்?

யாழ்ப்பாணத்தில் இக்கேள்வியை எழுப்பியவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1993இல் 'மனவடு' என்ற தமிழ் நூலையும், 1994இல் வைத்தியர் சா. சிவயோகனுடன் இணைந்து குடிமக்களின் போர் மனவடு பற்றிய ஆய்வையும் வெளியிட்டார். தனிமனிதனின் காயம் மாத்திரமன்றி, குடும்பமும் ஊரும் சேர்ந்து அடைந்த காயமும் உண்டு என்பது அவரது நிலைப்பாடு.

போர் முடிந்த 2009இன் ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நிகழ்த்தப்பட்ட ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடம் காணப்பட்டன. மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம். உலகம் தேடிய நோயைவிட மனச்சோர்வு மும்மடங்காக இருந்தது. பத்திரிகைப் பணியில் நான் சந்தித்த தாய்மார் எவரும் 'மனச்சோர்வு' என்ற சொல்லைச் சொன்னதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பெல்லாம் நோ என்றே சொன்னார்கள்.

இதற்கு இழப்பும் இடம்பெயர்வும் வறுமையும் காரணங்கள். ஆயினும், காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. நம்மவர் வழக்கில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு துக்கத்துக்கு ஒரு வரம்பு கட்டப்படுகிறது. பிறகு ஆண்டுத் திவசம். காணாமற்போனவனுக்கு எந்தத் திதியில் திவசம் செய்வது? அவன் மனைவி பொட்டு வைப்பதா, விடுவதா? 2010ஆம் ஆண்டின் சட்டம் மரணச் சான்றிதழ் தர முன்வந்தது. அதைப் பெறுவது தம் கையாலேயே பிள்ளையைக் கொல்வதாகும் என்று பல தாய்மார் மறுத்தனர். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணக்கிடைக்காமைச் சான்றிதழுக்கு வழி செய்யப்பட்டது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதோ சான்றிதழை அல்ல, விடையை.

ஆற்றுப்படுத்தலும் மருந்தும் அவசியமானவை. அவற்றால் குணமடைந்தோர் பலர். ஆனால் விடை தெரியாத துக்கத்தை நோயென்று மட்டும் எழுதி வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவது, 1917இல் இராணுவம் எழுதச் சொன்ன சீட்டுக்கு ஒப்பானது என்றே நான் கருதுகிறேன். அத்தாய்மாருள் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். எஞ்சியிருப்போருக்காவது, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே உண்மை சொல்லப்பட வேண்டும்.