இலவசப் பயணச்சீட்டின் விலை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. கொடுத்தவர் மனம் நோகக் கூடாதே என்பதற்காகச் சொன்னது அது. ஆனால் கொடுப்பவர் வணிகராக இருந்தால் பல்லைப் பார்ப்பதில் குற்றமில்லை. அப்படிப் பார்க்க வேண்டிய ஒரு தானத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இலவசப் பயணச்சீட்டு என்பது அதன் பெயர்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். விமானத்தில் போய் வருகிறார்கள். சிலரிடம் விமான நிறுவனத்தின் உறுப்பினர் அட்டையும் இருக்கிறது. பறக்கப் பறக்கப் புள்ளிகள் சேரும், போதிய புள்ளிகள் சேர்ந்தால் இலவசமாகப் பயணம் போகலாம் என்கிறது விளம்பரம். இது புதுமைபோலத் தோன்றலாம். ஆனால் பினாங்குத் துறைமுகத்துக்கு இலவசச் சீட்டு புதிதன்று. நம் பாட்டன், பாட்டிமாரில் எத்தனையோ பேர் இங்கே வந்து இறங்கியதே இலவசச் சீட்டில்தான். ஆகவே கப்பலிலிருந்து தொடங்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அந்நாளில் அப்பகுதிக்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர். தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் பஞ்சத்தாலும் கடனாலும் நொந்த மக்கள் இருந்தார்கள். ஆனால் கப்பல் கட்டணம் கொடுக்க அவர்களிடம் பணமில்லை. தோட்டக்காரர் கட்டணத்தைக் கொடுத்தார். கொடுத்ததைக் கடனாக எழுதிக்கொண்டார். தொழிலாளி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து அந்தக் கடனைக் கழித்தார். இடையில் தோட்டத்தை விட்டு ஓடினால் சட்டப்படி தண்டனை உண்டு. அன்றைய பயணச்சீட்டின் விலை வெள்ளிக் கணக்கில் சிறியது. வாழ்நாள் கணக்கில் பெரியது.

1887-இல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் மலாய் மாநிலங்களோடு சேர்ந்து, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே தவறாமல் கப்பல் விடுவதற்காக, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. கப்பல் வந்தது, கங்காணிகளும் ஊருக்குப் போய் ஆள் திரட்டி வந்தார்கள். அப்போதுதான் தோட்டக்காரர்களுக்குள் ஒரு தகராறு முளைத்தது. ஒருவர் செலவு செய்து ஆளைக் கொண்டுவருவார். பக்கத்துத் தோட்டக்காரர் நாலு காசு கூடக் காட்டி அந்த ஆளை இழுத்துக்கொள்வார். விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் மற்றொருவன் என்ற கதையாயிற்று.

இதற்குக் கண்ட வழிதான் 1907-ஆம் ஆண்டின் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம். பின்னர் இந்த நிதிக்கு இந்தியக் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. இதன் ஏற்பாடு எளிமையானது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தாமே கொண்டுவந்த ஆளாயினும் பிறர் கொண்டுவந்த ஆளாயினும், அவர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுக் காலாண்டுதோறும் நிதிக்கு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து ஊரிலிருந்து துறைமுகம் வரை ரயில் கட்டணம், நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் சாப்பாடு, கப்பல் கட்டணம், நோய்த்தடுப்பு முகாமின் செலவு எல்லாம் கொடுக்கப்பட்டன. பினாங்கில் அந்த முகாம் ஜெரஜாக் தீவில் இருந்தது. ஆள் கொண்டுவந்த தோட்டத்துக்கும் நிதி ஒரு தொகை கொடுத்தது. தொழிலாளி கடனில்லாமல் கரை இறங்கினார். 1910-இல் பழைய ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. இவை நன்மைகளே, இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இலவசம் என்று சொன்னார்களே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? வரி கட்டியவர் முதலாளி. அந்த வரி எதை அளந்து போடப்பட்டது? தொழிலாளி வேலை செய்த நாட்களை. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் கூலியும் ஆட்செலவு, இந்த வரியும் ஆட்செலவு. ஒரே ஆளுக்காகும் செலவில் ஒரு பங்கு வரியாகப் போனால், கூலியை உயர்த்த மனம் வருமா? மேலும் இலவசச் சீட்டில் புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தால், ஏற்கெனவே இருப்பவர் கூடுதல் கூலி கேட்பதும் கடினம். பால்மரத்தடியில் விடியற்காலையில் நின்றவரின் உழைப்பும் அந்தச் சீட்டுக்கு விலை கொடுத்தது என்பதே உண்மை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரியின் அளவும், எத்தனை பேருக்குச் சீட்டு என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறின. ரப்பர் விலை ஏறினால் சீட்டுகள் மிகுந்தன. விலை விழுந்தால் கதவு அடைபட்டது. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இதே நிதி, வேலை இழந்தவர்களைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது. 1930 முதல் 1932 வரை இலட்சத்துக்கும் மிகுதியானோர் இப்படி அனுப்பப்பட்டார்கள். வந்த சீட்டும் இலவசம், போன சீட்டும் இலவசம். எப்போது வருவது, எப்போது போவது என்பதைத் தீர்மானித்தது மட்டும் பயணியாக இருக்கவில்லை. 1938-இல் இந்திய அரசு, உதவிச் சீட்டில் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு ரஜுலா கப்பலிலும், 1973 முதல் சிதம்பரம் கப்பலிலும் நம்மவர் தம் காசில் ஊருக்குப் போய் வந்தார்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. அத்துடன் அதன் பயணிகள் சேவை முடிந்தது. பிறகு விமானமே வழியாயிற்று. 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானம் தொடங்கியது.

இனி விமானத்தின் இலவசச் சீட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. போட்டி மூண்டது. வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க 1981 மே 1-ஆம் நாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. பிறகு உலகமெங்கும் பரவியது. நம் மலேசிய விமான நிறுவனத்தின் திட்டத்துக்கு என்ரிச் என்று பெயர்.

விமான நிறுவனத்துக்கு இதனால் நட்டம் வராதா என்று கேட்கலாம். சந்தை கலைந்த பின் விற்காமல் நிற்கும் கீரைக்கட்டை நினைத்துப் பாருங்கள். மறுநாள் அதற்கு மதிப்பில்லை. காலியாகப் பறந்த இருக்கையும் அப்படியே. அதில் ஓர் ஆளை ஏற்றினால் கூடுதல் செலவு மிகச் சிறிது. ஆகவே விற்காது என்று கணித்த இருக்கைகளைப் புள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் இன்ன தூரத்துக்கு இத்தனை புள்ளி என்று அட்டவணை போட்டு வைத்தார்கள். விலை நிலையானது, ஆனால் இருக்கைகள் குறைவு. தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற நாட்களில் கேட்டால், இல்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

பின்னாளில் பல நிறுவனங்கள் அட்டவணையைக் கைவிட்டன. டெல்டா நிறுவனம் 2015-இல் அட்டவணை வெளியிடுவதை நிறுத்தியது. புதிய முறையில் சீட்டின் பண விலை ஏறினால் புள்ளி விலையும் ஏறும். இறங்கினால் அதுவும் இறங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சீட்டின் விலை 600 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளில் எடுத்தால் 20,000 புள்ளியும், வரிகளுக்காக 150 வெள்ளி ரொக்கமும் கேட்கிறார்கள். அப்படியானால் புள்ளிகள் மிச்சப்படுத்தியது 450 வெள்ளி. ஆயிரம் புள்ளிக்கு இருபத்திரண்டரை வெள்ளி. தீபாவளிக்கு அதே சீட்டு 1,200 வெள்ளியாகிறது. பழைய முறையில், இருக்கை கிடைத்தால், அதே 20,000 புள்ளி போதும். புதிய முறையில், அதே மதிப்பில் கணக்கிட்டால், 46,000 புள்ளிக்கு மேல் வேண்டும். சீட்டு எடுக்குமுன் இந்தக் கூட்டல் கழித்தலைத் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. வரியும் கட்டணங்களும் பெரிதாக இருந்தால், மலிவு விலைச் சீட்டைக் காசு கொடுத்து வாங்குவதே இலாபமாக இருக்கலாம்.

இங்கேயும் பழைய கேள்வியைக் கேட்போம்: பணம் எங்கிருந்து வருகிறது? விமான நிறுவனங்கள் புள்ளிகளை வங்கிகளுக்கு விற்கின்றன. வங்கிகள் அவற்றைக் கடன் அட்டை வைத்திருப்போருக்குப் பரிசாகக் கொடுக்கின்றன. இந்த வணிகம் மிகப் பெரியது. 2020-இல் கொரோனாத் தொற்றால் விமானங்கள் முடங்கியபோது, யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே ஈடாக வைத்து 680 கோடி அமெரிக்க டாலர் திரட்டியது. வங்கிக்கு வருமானம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அட்டையை ஏற்கும் கடைக்காரர் கொடுக்கும் கட்டணம். அது கடைப் பொருளின் விலையில் சேர்கிறது. மற்றொன்று, மாதக் கடனை முழுதும் கட்ட முடியாதவர்கள் கொடுக்கும் வட்டி. ஆக, ஒருவர் இலவசமாகப் பறக்கும்போது, அட்டையே இல்லாமல் கடையில் அரிசி வாங்கியவரும், கடனில் மூழ்கியவரும் அதற்குப் பங்கு கட்டியிருக்கிறார்கள். புள்ளிக்கு ஆசைப்பட்டுக் கடன் அட்டையில் நிலுவை வைப்பவர், வாங்கிய சலுகையைவிட மிகுதியாக வட்டியில் இழக்கிறார்.

புள்ளிகள் நம் கையிலுள்ள பணமும் அல்ல. அவற்றின் விலையை மாற்றும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. பல திட்டங்களில் அவை காலாவதியாகும். 2001 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்செட் விமான நிறுவனம் வீழ்ந்தபோது, வாடிக்கையாளர் சேர்த்துவைத்த புள்ளிகள் வெறும் எண்களாகிப்போயின. ஆகவே சேர்த்த புள்ளிகளை நகைபோலப் பூட்டிவைக்காமல், தேவை வரும்போது பயன்படுத்திவிடுவதே அறிவுடைமை.

நம் முன்னோரின் நிதிக்கும் ஒரு முடிவு வந்தது. 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் பெற்றது. 1999-இல் சட்டத்தின் மூலம் கலைக்கப்பட்டது. சொத்துகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன. இரண்டு தலைமுறைக்கு மேற்பட்ட உழைப்பு நாட்களை அளந்து சேர்த்த நிதி அது. தம் பெயரால் எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கேட்டறிய, எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர்களுக்கு வழியில்லாமல் இருந்தது. இன்று நமக்கு எழுத்தும் கணக்கும் கைவசம் இருக்கின்றன. இலவசம் என்று யார் எதை நீட்டினாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வாங்குவோம்: இதற்குப் பணம் கட்டுபவர் யார்? இதன் விலையை மாற்றும் அதிகாரம் யாரிடம்? நமக்கு வேண்டிய நாளில் இது கிடைக்குமா? அதற்குப் பிறகு சீட்டு நமக்கு ஏற்றதாக இருந்தால், மகிழ்ச்சியாகப் பயணம் போய் வருவோம்.