தரங்கம்பாடி போயிருக்கீங்களா?



நம் கல்லூரியில் பொறியியல் முடித்த எனக்கு, காற்றாலைப் பயிற்சிக்காக டென்மார்க்கில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் அந்த நாடு. மக்கள் சுமார் 60 லட்சம். ஜட்லாந்து தீபகற்பமும் நானூறு தீவுகளும் சேர்ந்த பூமி. எங்கே நின்றாலும் 52 கிலோமீட்டருக்குள் கடல். மிக உயரமான மேடே 171 மீட்டர்தான்! திருமயம் கோட்டைப் பாறையில் ஏறி வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தடுக்க மலையில்லாததால் காற்றுக்குப் பஞ்சமில்லை. மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே எடுக்கிறார்கள். பெரிய அதிகாரியும் சைக்கிளில் வர்றார். அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடறாங்க.

ஒருநாள் உடன் வேலை பார்த்த பெரியவர், "தரங்கம்பாடி போயிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வெட்கமாப் போச்சு.

அவர்தான் சொன்னார்: 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்குடன் ஒப்பந்தம் செய்தார். தங்க ஏட்டில் எழுதிய அவருடைய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706-இல் டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர் சீகன்பால்கு தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தரங்கம்பாடி போனேன். 1687-இல் சேதுபதி கட்டிய நம் திருமயம் கோட்டையைவிட அந்தக் கோட்டை 67 வயது மூத்தது!

தம்பிகளே, தங்கைகளே, பாஸ்போர்ட் எடுக்கும் முன்பு பக்கத்து ஊர்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுங்கள். நம்ம ஊர்க் கதையை அடுத்தவர் சொல்லிக் கேட்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.