நம்பிக் கொடுத்த கணினி

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் பிறந்த இடம் ஒரு கல்லூரி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹானோவர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1769-இல் தொடங்கப்பட்ட டார்ட்மத் கல்லூரி, மருத்துவம், பொறியியல், வணிகம் எனப் பல பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு பல்கலைக்கழகமாகவே வளர்ந்துவிட்ட பிறகும் கல்லூரி என்ற பெயரை விடவில்லை. எந்திர அறிவை ஒரு கல்விக்கூடம் எப்படிக் கையாளலாம், யாரிடம் கொடுக்கலாம், அதன் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விகள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இங்கே வெவ்வேறு வடிவில் எழுந்து வந்திருக்கின்றன.

1955 ஆகஸ்ட் 31 தேதியிட்ட ஒரு திட்ட முன்மொழிவில்தான் அந்தப் பெயர் முதலில் வருகிறது. அதை முன்னின்று எழுதியவர் ஜான் மெக்கார்த்தி. அப்போது அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை; டார்ட்மத் கணிதத் துறையில் உதவிப் பேராசிரியர். ஹார்வர்டிலிருந்து மார்வின் மின்ஸ்கி, ஐபிஎம் நிறுவனத்திலிருந்து நதானியல் ரோசெஸ்டர், பெல் ஆய்வகத்திலிருந்து கிளாட் ஷானன் ஆகிய மூவரும் உடன் கையெழுத்திட்டனர். கற்றலின் ஒவ்வொரு கூறையும் துல்லியமாக விவரித்துவிட்டால் அதை எந்திரத்தைக் கொண்டு செய்ய வைக்கலாம் என்பது அவர்களின் ஊகம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் 13,500 டாலர் கேட்டார்கள். 7,500 டாலர் கிடைத்தது. 1956 கோடையில் கணிதத் துறையின் மேல்மாடியில் ஆய்வாளர்கள் வருவதும் போவதுமாகச் சில வாரங்கள் கூடிப் பேசினார்கள். ஆலன் நியூவெல்லும் ஹெர்பர்ட் சைமனும் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் நிரல் ஒன்றோடு வந்திருந்தார்கள். முன்மொழிவில் ஏழு ஆய்வுத் தலைப்புகள் இருந்தன: கணினி, மொழி, நரம்பணு வலை, தானே தன்னை மேம்படுத்திக்கொள்ளும் எந்திரம் என்று அந்தப் பட்டியல் போகிறது. எந்திரத்தால் முடியுமா என்பதே அன்றைய கேள்வி. முடிந்தால் அதை யார் பயன்படுத்துவது, எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் அதே துறையில் இருந்த வேறு இருவர். ஜான் கெமெனி 1926-இல் புடாபெஸ்டில் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர். தாமஸ் கர்ட்ஸ் 1956-இல் டார்ட்மத்துக்கு வந்த புள்ளியியலாளர். அப்போது கல்லூரியில் கணினி கிடையாது. கர்ட்ஸ் நிரல்களைப் பதித்த துளை அட்டைகளை ஒரு எஃகுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பக்கத்து ஊரான ஒயிட் ரிவர் ஜங்ஷனில் ரயிலேறி, எம்.ஐ.டி.யில் இருந்த ஐபிஎம் 704 கணினிக்குப் போய் வருவார். இரண்டு வாரத்துக்கு ஒரு பயணம். அட்டையில் ஓரிடத்தில் பிழை இருந்தால் திருத்திப் பார்க்க அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டும். தேர்ந்த கணித அறிஞரே இந்தப் பாடு படும்போது மாணவனுக்குக் கணினி எட்டாக்கனிதான். எம்.ஐ.டி.க்கு மாறிப் போயிருந்த மெக்கார்த்தி இதற்கு வழி சொன்னார்: ஒரே கணினியின் நேரத்தை நொடித் துணுக்குகளாகப் பிரித்துப் பலருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம், நேரப் பகிர்வு முறையை டார்ட்மத் செய்து பார்க்க வேண்டும் என்றார். கர்ட்ஸ் அதைக் கெமெனியிடம் கொண்டுபோனார்.

இதே ஆண்டுகளில் கல்லூரியில் கணினியோடு தொடர்பே இல்லாத ஒரு முடிவும் எடுக்கப்பட்டது. 1962 பிப்ரவரி 1 அன்று ஆசிரியர் குழு கல்வி நேர்மைக் கொள்கை ஒன்றை நிறைவேற்றியது. தேர்வறையில் மேற்பார்வையாளர் நின்று கண்காணிக்க மாட்டார். நேர்மை மாணவரின் பொறுப்பு என்பது அதன் சாரம். பின்னால் வந்த கணினிக் கொள்கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று ஆவணம் காட்டிச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டிலும் மாணவரைப் பற்றிய எண்ணம் ஒன்றேதான்: முதலில் நம்பு.

1964 மே 1, அதிகாலை 4 மணி. காலேஜ் ஹால் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கணினியோடு இணைந்த தட்டச்சு முனையங்களில் முதல் பேசிக் நிரல்கள் ஓடின. கெமெனியும் கர்ட்ஸும் வடிவமைத்த அந்த மொழியில் லெட், பிரிண்ட், எண்ட் போன்ற எளிய ஆங்கிலச் சொற்களே கட்டளைகள். கணினிக்குள்ளே பலரின் வேலையை ஒருங்கே நடத்தும் இயக்க அமைப்பை எழுதியவர்களில் முக்கியமான இருவர், ஜான் மெகீச்சியும் மைக்கேல் புஷ்ஷும், இளங்கலை மாணவர்கள். அந்த முனையத்தின் முன் உட்கார்ந்த ஒருவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஹலோ என்று தட்டச்சு செய்தால் எந்திரம் பயனர் எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்து, வரிசை எண்ணிட்ட வரிகளாக நிரலை அடித்து, ரன் என்று தட்டினால், நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் சடசடவென்ற சத்தத்தோடு விடை காகிதச் சுருளில் அச்சாகும். பிழை என்றால் அந்த வரியை மட்டும் மறுபடி அடித்தால் போதும். ரயிலும் இல்லை, எஃகுப் பெட்டியும் இல்லை.

யாருக்கு அனுமதி என்பதில்தான் டார்ட்மத் மற்ற கல்விக்கூடங்களிலிருந்து விலகி நின்றது. கணினி நேரம் தங்கத்தைப் போல எடைபோட்டு விற்கப்பட்ட காலம் அது. கெமெனியும் கர்ட்ஸும் நூலகத்தை முன்மாதிரியாகக் கொண்டார்கள். கல்லூரியின் பேக்கர் நூலகத்தில் மாணவர் நேராக அலமாரிகளுக்கு நடுவே போய், எதற்கென்று யாருக்கும் விளக்கம் சொல்லாமல் நூலை எடுக்கலாம். கணினியும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். மாணவருக்குக் கட்டணம் இல்லை. எதற்காக என்ற கேள்வியும் இல்லை. கணிதம் படித்தவர்கள் மட்டுமன்றி, இலக்கியமும் வரலாறும் படித்தவர்களும் முனையங்களுக்கு வந்தார்கள். விளையாட்டு நிரல்களை எழுதி ஓட்டினார்கள்; கெமெனியே அமெரிக்கக் கால்பந்து விளையாட்டு நிரல் ஒன்றை எழுதினார். அது வீண் என்று கல்லூரி கருதவில்லை. எந்திரத்தின் மீதுள்ள அச்சம் போக விளையாட்டைவிட நல்ல வழி இல்லை என்பது அவர் கருத்து.

பொறுப்பு என்பது தடைப்பட்டியலிலிருந்து தொடங்காமல் அறிமுகத்திலிருந்து தொடங்கியது இங்கேதான். முதலாண்டுக் கணிதம் படித்தவர்கள் பாடத்தின் பகுதியாகவே நிரல் எழுதினார்கள். தானே நிரல் எழுதித் தவறான விடை பெற்ற மாணவருக்கு, கணினி சொன்னதெல்லாம் சரி என்ற மயக்கம் வராது. 1972-இல் வெளிவந்த ‘மேன் அண்ட் தி கம்ப்யூட்டர்’ நூலில் கெமெனி மனிதனும் கணினியும் ஒன்றையொன்று சார்ந்து வாழப்போகும் காலத்தைப் பற்றி எழுதினார். அதற்குள் அவர் கல்லூரியின் தலைவராகிவிட்டார். 1970 முதல் 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1979-இல் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தை ஆராய அதிபர் ஜிம்மி கார்ட்டர் அமைத்த ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. விபத்தின் அடிப்படைச் சிக்கல் கருவிகளைவிட மனிதர்களையும் நிர்வாகத்தையும் சார்ந்தது என்று அந்த ஆணையம் முடிவு சொன்னது.

நடைமுறையாக இருந்த இந்தச் சிந்தனைக்குத் தத்துவ வடிவம் கொடுத்தவர் டார்ட்மத் தத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் மூர். 1985-இல் ‘மெட்டாஃபிலாசஃபி’ இதழில் வந்த அவருடைய கட்டுரை, கணினி அறம் என்ற துறைக்கே அடித்தளமான எழுத்துகளில் ஒன்று. கணினியை எந்த வேலைக்கும் வளைக்கலாம். ஆகவே இதுவரை யாரும் செய்திராத செயல்கள் திடீரெனக் கைகூடிவிடும். அவற்றுக்கு விதி எதுவும் இருக்காது. இந்த விதி வெற்றிடத்தை நிரப்புவதே கணினி அறத்தின் வேலை என்றார் மூர். அதற்கு முன், நடப்பது என்ன என்பதையே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவர் சுட்டிய இன்னொன்று கணினியின் கண்ணுக்குத் தெரியாத தன்மை. மறைவாக நடக்கும் முறைகேடு, நிரலுக்குள் ஒளிந்திருக்கும் மதிப்பீடுகள், மனிதரால் சரிபார்க்க முடியாத அளவு சிக்கலான கணக்கு என்று அதை மூன்றாகப் பிரித்தார். 2006-இல், 1956 கூட்டத்தின் ஐம்பதாம் ஆண்டு மாநாட்டை நடத்தியதும் அவர்தான். மெக்கார்த்தியும் மின்ஸ்கியும் அதற்கு வந்திருந்தார்கள்.

மூர் எச்சரித்த மறைவுத் தன்மை பின்னர் அந்தக் கல்லூரியையே பதம் பார்த்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பள்ளியின் தேர்வுகள் மாணவர்களின் வீடுகளுக்கே போயின. 2021-இல், கேன்வாஸ் என்ற பாட மேலாண்மை மென்பொருளின் பதிவுகளை வைத்து, தேர்வு நேரத்தில் பாடக்குறிப்புகளைத் திறந்து பார்த்ததாக 17 மாணவர்கள் மீது நிர்வாகம் குற்றம் சாட்டியது. ஆனால் அந்தப் பதிவுகளில் ஒரு சிக்கல் இருந்தது. கேன்வாஸில் நுழைந்த கைபேசியோ மடிக்கணினியோ திறந்தபடி கிடந்தால், யாரும் தொடாமலே பக்கம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அதுவும் பதிவாகும். மாணவர் தூங்கினாலும் பதிவேடு அவர் படித்ததாகவே காட்டும். மருத்துவராக ஆசைப்பட்டவர்களுக்கு அது எதிர்காலமே ஆட்டம் கண்ட மாதங்கள். மாணவர்களும் வெளியிலிருந்த உரிமை அமைப்புகளும் எதிர்த்தன, செய்தித்தாள்கள் விசாரித்தன, ஜூன் மாதம் எல்லாக் குற்றச்சாட்டுகளும் திரும்பப் பெறப்பட்டன, பள்ளியின் முதல்வர் மன்னிப்புக் கேட்டார். மாணவரை நம்புவதற்கு 1962-இல் விதி எழுதிய வளாகத்தில், எந்திரத்தின் பதிவேட்டை மாணவரின் சொல்லுக்கு மேலாக வைத்ததுதான் நடந்த தவறு. அதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டது கல்லூரிக்குப் பெருமையே.

கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானபோது மூர் சொன்ன விதி வெற்றிடம் மறுபடி திறந்தது. இந்தமுறை உலகின் எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே நாளில். பிறர் எழுதியதைத் தன்னுடையது என்று தருவது பிழை என்பதில் பழைய நேர்மைக் கொள்கைக்கு ஐயம் இருந்ததில்லை. ஆனால் எழுதியது ஒரு மனிதரே அல்லாதபோது, தன்னுடையது என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மொழிப்பாடத்தில் தவறாகும் உதவி, நிரலாக்கப் பாடத்தில் பயிற்சியாகவே அமையலாம். இதற்கு வளாகம் முழுமைக்கும் ஒரே விடை இருக்க முடியாது. பாடத்தின் நோக்கம் தெரிந்த ஆசிரியர்தான் எல்லையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரையைப் பார்த்து எந்திரம் எழுதியது எது என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் மாணவர் தாமே எழுதியதையும் தவறாகக் குறிப்பதுண்டு. கேன்வாஸ் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆபத்து புதிதல்ல.

மேற்பார்வை தேவைப்பட்ட இடத்தில் அது மாணவரை விட்டு எந்திரத்தின் பக்கம் திரும்பியதற்கு டார்ட்மத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள ஆய்வாளர்கள் 2019 முதல் உருவாக்கிவந்த தெரபாட் என்ற உரையாடல் மென்பொருள் மனச்சோர்வு, பதற்றம் போன்ற நோய்களுக்கானது. இணையத்தில் கிடைத்த உரையாடல்களைக் கொண்டு பழக்கியபோது அது நோயாளியின் புலம்பலையே திருப்பிச் சொன்னது. சிகிச்சைப் பயிற்சிப் பதிவுகளைக் கொடுத்தபோது தேய்ந்த சொற்களை உதிர்த்தது. கடைசியில் உரையாடல்களை ஆய்வுக் குழுவினரே உட்கார்ந்து எழுதினார்கள். 2025 மார்ச்சில் முடிவுகள் வெளியான சோதனையில் 210 பேர் பங்கேற்றார்கள்; 106 பேருக்குத் தெரபாட் கொடுக்கப்பட்டது. மனச்சோர்வு உள்ளவர்களின் அறிகுறிகள் சராசரியாகப் பாதியளவு குறைந்தன. இப்படியொரு முடிவுக்குப் பிறகும், இத்தகைய மென்பொருள் எதுவும் தனியாக இயங்கும் நிலையை எட்டவில்லை என்றே ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சோதனை நடந்த நாள்களில் தெரபாட் அனுப்பிய செய்திகளை மனிதர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். தவறான பதில் போய்விட்டால் பங்கேற்பாளரைத் தாங்களே தொடர்புகொண்டு திருத்தினார்கள்.