முத்திரை யாருடையது?

தொலைக்காட்சி நாடகமொன்று முடிவுற்றதும் எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், தச்சர், தையற்காரர் முதலானோரின் பெயர்கள் விரைந்தோடி மறைகின்றன. ஈற்றில் தயாரிப்புத் தாபனத்தின் இலச்சினை மட்டும் சில விநாடிகள் நிலைத்து நிற்கின்றது. பட்டி மாட்டுக்குக் குறிசுடுவதை ஒத்த செயலே இது. இப்பொருள் இன்னாருக்குரியது என ஊரறியச் சொல்லும் அடையாளம். கலை விமர்சகர் இதன் வடிவழகைப் பேசுவர். வடிவழகை நாமும் புறக்கணிப்பதில்லை. ஆயின் உடைமையின் வரலாற்றை விடுத்து இலச்சினையின் வரலாற்றை எழுதுதல் இயலாது என்பது நம் கருத்து. இத்தொழில் பெருந்தொழிலாய் வளர்ந்த அமெரிக்காவை இங்கு நோக்குவோம்.

டெசி ஆர்னஸ், லூசில் பால் என்னும் நடிகத் தம்பதியர் 1950இல் தம் பெயர்களின் முற்பகுதிகளை இணைத்து 'டெசிலு' என்னும் தாபனத்தை நிறுவினர். மறு ஆண்டு ஆரம்பமான அவர்களது 'ஐ லவ் லூசி' தொடரை நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒலிபரப்பவேண்டுமென விளம்பரதாரர் விரும்பினர். தம்பதியரோ ஹொலிவூட்டிலேயே, பார்வையாளர் முன்னிலையில், மூன்று கமராக்கள் கொண்டு படச்சுருளில் பதிவுசெய்வோம் என்றனர். மேலதிகச் செலவை ஈடுசெய்யத் தம் ஊதியத்திற் குறைப்பை ஏற்று, அதற்கு மாறாகப் படச்சுருள்களின் உரிமையைப் பெற்றனர். ஒருமுறை காட்டிய படத்தை மறுமுறை விற்கலாம் என்பதை அன்று பலர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த மறுவிற்பனையே அவர்களைச் செல்வராக்கிற்று. 1957இல் ஆர்.கே.ஓ. படப்பிடிப்பு நிலையங்களை டெசிலு விலைக்கு வாங்கிற்று. ஒருகாலத்தில் அவ்விருவரும் சம்பளத்துக்கு நடித்த இடம் அது!

உழைத்தவர் ஆலையை வாங்கினர் என்று நாம் மகிழ்ந்துவிடலாகாது. வாங்கியவர் முதலாளிகளாகவே ஆயினர். தச்சரின் நிலை மாறவில்லை. மணமுறிவின் பின் 1962இல் கணவரின் பங்கையும் வாங்கி, பெரும் தொலைக்காட்சி நிலையமொன்றின் தலைமையை ஏற்ற முதற் பெண்ணாக லூசில் பால் விளங்கினார். 1967இல் 'கல்ஃப் அன்ட் வெஸ்ரேர்ண்' என்னும் பெருங்குழுமம் டெசிலுவை ஏறத்தாழ 170 இலட்சம் டொலருக்கு விழுங்கிற்று. அப்பொழுது 'ஸ்ரார் ரெக்' தொடரின் இரண்டாம் பருவம் தயாராகிக்கொண்டிருந்தது. அத்தொடரின் முடிவில் டெசிலுவின் பெயர் மறைந்து பரமவுண்டின் பெயர் தோன்றிற்று. கதை, நடிகர் எல்லாம் முன்போலவே. குறி மாத்திரம் வேறு.

அக்கால இலச்சினைகளுள் நம் மனத்தைப் பெரிதும் கவர்வது ஜக் வெப்பின் 'மார்க் செவின்' தாபனத்துக்குரியது. உலோகத் தகட்டின்மேல் ஓர் ஆணின் கை அச்சுளியைப் பிடித்திருக்கின்றது; மறு கையிலுள்ள சுத்தியல் இருமுறை ஓங்கி விழுகின்றது. உளி அகல, உரோம எண்ணில் ஏழு தகட்டிற் பதிந்து கிடக்கின்றது. உழைக்கும் கையையே முத்திரையாகக் காட்டிய தாபனங்கள் மிக அரியன. ஆயினும் அக்கைக்குரியவரின் பெயரைத் திரை சொல்வதில்லை. பதிவது முதலாளியின் அடையாளமே.

1965இல் 'ஸ்கிறீன் ஜெம்ஸ்' வெளியிட்ட இலச்சினை வேறு வகையினது. சிவந்த நெளிகோடுகளும் எரிக் சைடேயின் மின்னிசையும் கூடிச் சிறுவர் பலரை அஞ்சச் செய்தன என்பர். அவ்வச்சத்தைப் பற்றி 2010இல் ஒரு குறும்படமும் வெளிவந்தது.

பூனைக்குட்டியின் கதை இன்னும் சுவையானது. மேரி ரைலர் மூரும் கிரான்ற் ரிங்கரும் 1969இல் நிறுவிய எம்.ரீ.எம்., கர்ச்சிக்கும் எம்.ஜீ.எம். சிங்கத்தைப் பரிகசித்துத் தன் வளையத்துள் 'மியாவ்' என்னும் குட்டியை வைத்தது. பொலிஸ் தொடருக்குக் குட்டி பொலிஸ் தொப்பி அணிந்தது. வைத்தியசாலைத் தொடருக்குச் சத்திர வைத்தியரின் முகமூடி அணிந்தது. 1988இல் அவ்வைத்தியசாலைத் தொடர் முடிந்த அன்று, இருதயத் துடிப்பைக் காட்டும் கோடு நேர்கோடாக, குட்டி இறப்பதாகக் காட்டினர்.

அது வெறும் விகடமன்று என்றே நமக்குத் தோன்றுகின்றது. ஒலிபரப்பு வலையமைப்புகள் பிறர் தயாரித்த நாடகங்களின் மறுவிற்பனையில் பங்கு கொள்ளலாகாதென 1970இல் அரசின் தொடர்பு ஆணைக்குழு விதித்திருந்தது. அந்நிழலிலேயே எம்.ரீ.எம். போன்ற சிறு தாபனங்கள் தழைத்தன. அதே 1988இல் எம்.ரீ.எம். பிரித்தானியத் தாபனமொன்றுக்கு விற்கப்பட்டது. 1997இல் மேடொக்கின் கூட்டத்தாரிடம் சென்றது. 2019இல் அதன் பழைய நாடகங்கள் டிஸ்னியின் உடைமையாயின. இடையே, 1995 அளவில், அவ்விதியும் முற்றாக நீக்கப்பட்டது.

நீங்குமுன்னரே வலையமைப்புகள் திரையின்மேற் கைவைக்கத் தொடங்கிவிட்டன. 1994இல் என்.பீ.சீ. முடிவுப் பெயர்களைத் திரையின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கி, மறுபக்கத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் காட்டலாயிற்று, ஏனையோர் பின்பற்றினர். இன்று இணையவழி நாடகம் பார்ப்போர், பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரை சுருங்கி, அடுத்த பாகம் தொடங்கும் விநாடிகள் எண்ணப்படுவதைக் காண்கின்றனர். தொடக்கத்தில் தாபனத்தின் இலச்சினை முழுத் திரையையும் நிறைத்தே தோன்றுகின்றது.